கம்பெனிச் சங்கும் இரவல் ஆர்மோனியமும்

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் குழுவில் நேற்று வந்த படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படத்தில் இருப்பது ஒரு கீபோர்டு. பச்சை மேஜை விரிப்பின் மேல் வைத்து, பக்கத்தில் ரோஜாப்பூ வேறு சொருகியிருக்கிறது. "வியாழக்கிழமை கம்பெனிக்காரர்கள் மானியம் தருவதற்கு முன் நம் பள்ளியைப் பார்வையிட வருகிறார்கள். அன்றைக்கு மட்டும் வைத்திருக்க என் மருமகனிடம் இரவல் வாங்கினேன்" என்று கீழே குறிப்பு. போட்டவள் நம் முதல் பெஞ்சுக்காரி. நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைதட்டும் பொம்மைகளைப் போட்டிருக்கிறீர்கள். ஒருவர் ஒரு படி மேலே போய், தன் மகன் வீட்டு மொட்டை மாடியில் தொட்டிச் செடிகள் நிறைய இருக்கின்றன, டெம்போவில் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் காலமெல்லாம் அரசுத் தணிக்கையில் வேலை பார்த்தவள். அடுத்தவர் செய்த தப்பைப் பச்சை மையில் எழுதிச் சம்பளம் வாங்கியவள். அந்த உரிமையில் சொல்கிறேன். மானியம் தருகிறவர்கள் இரண்டு தடவை வருவார்கள். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை, கொடுத்த பின் ஒரு தடவை. முன்னால் வருகிறவர் இல்லாததைப் பார்க்க வருகிறார். பின்னால் வருகிறவர் இருப்பதைப் பார்க்க வருகிறார். இரண்டையும் மாற்றி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் அலுவலகத்தில் கற்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் கற்றேன். நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தொழிற்பேட்டைக்கு முதல் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். நம் பள்ளிக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு கொள்ளுக் காடு, ஒரு முள்வேலி, வேலியை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை. அவ்வளவுதான். அந்தப் பக்கம் சங்கு ஊதினால் இந்தப் பக்கம் மாடுகள் காதை விடைக்கும். அம்மாக்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் களிக்கு உலை வைத்தார்கள். கடிகாரம் இருந்த வீடுகளிலும் அதைச் சங்குக்குத்தான் சரிசெய்தார்கள்.

அந்த வருடம்தான் பாட்டு டீச்சர் வந்தார். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்குவார். வீட்டில் கன்னடம். தமிழ் பேசினால் வாக்கியத்தின் கடைசி கொஞ்சம் மேலே எழும்பும், எல்லாமே கேள்வி மாதிரி இருக்கும். அவருக்குச் சம்பளம் அரசாங்கம் தரவில்லை. பெற்றோர்கள் வீட்டுக்கு வீடு போட்டுக் கொடுத்தார்கள். வகுப்பறையும் கிடையாது. கொடிக்கம்பத்துக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில்தான் பாட்டு வகுப்பு. தோட்டம் என்பது பெயர். ஆடுகள் தின்று மிஞ்சிய கத்தரிச் செடிகள், அடிபம்பிலிருந்து சேற்று வாய்க்கால், மணத்துக்கு இரண்டு துளசி. தோட்டத்தில் வகுப்பு நடந்ததால் தோட்டத்தையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். வேரில் தண்ணீர் இறங்கும்போது வரும் மண்வாசனையும் அவர் குரலும் எனக்கு இன்றும் தனித்தனியாக வருவதில்லை.

சுருதிப் பெட்டி இல்லை. ஆர்மோனியம் இல்லை. வந்த புதிதில் ஒரு காலை, நம்மை வரிசையாக நிறுத்திவிட்டு எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது சங்கு ஊதியது. டீச்சர் கையை உயர்த்தினார்.

"ஏறும்போது பிடிக்காதீங்க. இறங்கும்போதும் வேணாம். நடுவுல ஒரு இடத்துல நிக்கும் பாருங்க. அங்க பிடிங்க."

உர்ரென்று கிளம்பிய சத்தம் ஏறி, ஏறி, ஒரு உயரத்தில் போய் அசையாமல் நின்றது. டீச்சர் கையை இறக்கினார். நாம் பிடித்தோம். பாதிப் பேர் குரல் கிணற்றுக்குள், மீதிப் பேர் குரல் மரத்தின் மேல். சில நாட்களில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். "ஆய்த்து, ஆய்த்து" என்று தலையாட்டினார். கன்னடத்தில் ஆயிற்று என்று அர்த்தம். அந்தச் சொல்லை வாங்குவதற்காக நாம் மூச்சு முட்டப் பாடினோம்.

என் குரல் தடிப்பு. வீட்டில் நான் பாடினால் அண்ணன்மார் எருமைக்கு வைக்கோல் போடச் சொல்வார்கள். டீச்சர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அழுகை வந்துவிட்டது. "எதுக்குக் கண்ணுல தண்ணி? மேல பாடுறவங்க விழாம இருக்கக் கீழ ஒருத்தர் வேணும். நீ அது" என்றார். அதற்குப் பிறகு அவர் நம்மை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. மழை பொய்த்த வருடம் அது. மாம்பூ கருகியது. பெற்றோர்கள் டீச்சர் சம்பளத்துக்குப் போட்ட பங்கு ஒவ்வொரு வீடாக நின்றது. டீச்சர் நம்மிடம் ஒளிக்கவில்லை. "தை வரைக்கும் ஓட்டிடுவேன். அப்புறம் எங்க வீட்லயும் அடுப்பு எரியணும் இல்லவா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தோட்டமும் பாட்டும் வளர்க்க மானியம் தருவார்களாம். கிணறு, வேலி, ஒரு ஆர்மோனியம், பாட்டு டீச்சருக்கு மாதச் சம்பளம். ஊரும் தன் பங்காக ஏதாவது திரட்ட வேண்டும். ஆபீசர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

ஊர் திரண்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்த் தெரு, தெலுங்குத் தெரு, கன்னடக்காரர் வளவு என்று மூன்று பக்கமும் நாம் கோணிப்பையோடு போனோம். காசு இல்லாத வருடம் என்பதால் ராகி போட்டார்கள், கொள்ளு போட்டார்கள், ஒரு வீட்டில் சேவலைக் காலைக் கட்டிக் கொடுத்தார்கள். அது வழியெல்லாம் நம் முதல் பெஞ்சுக்காரியைக் கொத்திக்கொண்டே வந்தது. புளி வியாபாரி பாய் தன் வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்தார். வண்டி வாடகை வேண்டாம் என்றார். "பாட்டு எனக்கு ஆகாது, ஆனா பிள்ளைங்க கத்துறது ஆகும்" என்று சிரித்தார்.

ஊர்ப் பங்கு சேர்ந்தது. ஆபீசர் வரும் நாள் தெரிந்தது. அங்கேதான் நம் ஊர் புத்தி வேலை செய்யத் தொடங்கியது.

நம் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டு நாற்காலி நம் வீட்டுக்கு வரும். எதிர் வீட்டு வெள்ளி டம்ளர் வரும். வாங்குகிறவரும் வெட்கப்பட மாட்டார், கொடுக்கிறவரும் சொல்லிக்காட்ட மாட்டார். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அது ஊரின் மானம். பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஆபீசர் வருகிறார் என்றதும் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"வர்றவங்க மூஞ்சி சுளிக்கிற மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாது. பஜனை மடத்து ஆர்மோனியம் சும்மாதானே கெடக்குது? எடுத்தாங்கடா."

பெரிய சார், அதாவது நம் தலைமையாசிரியர், இதற்கு மேல் போனார். வீட்டுக்கு ஒரு பூந்தொட்டி என்றார். என் அம்மா தன் பன்னீர் ரோஜாத் தொட்டியைக் கொடுத்தாள். கொடுக்கும்போது அதன் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அந்தத் தொட்டி பிறகு வீடு திரும்பவில்லை. அம்மா அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை. பண்ணைத் தோட்டங்களிலிருந்து கீரையை மண்ணோடு பெயர்த்து வந்து பாத்தியில் ஒட்டினார்கள். உச்சக்கட்டமாக, கல்யாண வாசலில் கட்டுவார்களே, குலையோடு வெட்டிய வாழை, அதைக் கொண்டுவந்து குழி தோண்டி நட்டார்கள். வேர் இல்லாத மரம். குலை மட்டும் ஆளுயரத்துக்குத் தொங்கியது.

முந்தின நாள் சாயங்காலம் டீச்சர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய சாரிடம் மெதுவாகக் கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். இல்லைன்னு தெரிஞ்சாத்தானே அவங்க குடுப்பாங்க?"

"டீச்சரம்மா, நீங்க புதுசு. கந்தலோட போய் நின்னா எவன் குடுப்பான்? பிச்சைக்காரனுக்குச் சில்லறைதான் விழும். மரியாதையா நின்னா மரியாதையா குடுப்பான்."

"பிள்ளைங்க சங்கோட பாடுறதையாவது காட்டலாமா சார்? அவங்க கம்பெனி சங்குதானே? சந்தோஷப்படுவாங்க இல்லவா?"

பெரிய சாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யய்யோ! சுருதிப் பெட்டி வாங்க வக்கில்லாம அவங்க சங்கைக் கேலி பண்றோம்னு நினைச்சுக்குவாங்க. அந்தப் பேச்சே வேணாம். எல்லாரும் கேட்டுக்கோங்க, நாளைக்கு யாரும் சங்கைப் பத்தி வாயே திறக்கக் கூடாது."

நாம் தலையாட்டினோம். டீச்சரும் தலையாட்டினார்.

அம்மாவிடம் அன்று கேட்டேன், "ஆபீசர் கண்டுபிடிச்சிட்டா டீச்சரை அனுப்பிடுவாங்களா?" அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே, "பொண்ணு பாக்க வந்தவங்க யாரும் நாற்காலிக்கு அடியில குனிஞ்சு பாக்க மாட்டாங்க, பேசாம தூங்கு" என்றாள்.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் இல்லை ஆபத்து. ஆர்மோனியத்தின் முன்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தாகப் பஜனை மடத்தின் பெயர் தெலுங்கில் எழுதியிருந்தது. அதை மறைக்க மேலே ஒரு பட்டுத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். துருத்தி அசைய அசையத் துணியும் அசையும். நழுவிவிட்டால்? ஆபீசர் படித்துவிட்டால்? எல்லாம் இரவல் என்று தெரிந்துவிட்டால் டீச்சர் நாளையே தேன்கனிக்கோட்டை பஸ் ஏறிவிடுவார். அந்தத் துணி நழுவக் கூடாது என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். நான் எதை வேண்டியிருக்க வேண்டும் என்பது புரிய எனக்குப் பல கோப்புகள் தேவைப்பட்டன.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். சிடுசிடுப்பான ஆள் என்று எதிர்பார்த்தோம். பாவம், நல்ல மனிதர். வெயிலில் முகம் சிவந்திருந்தது. வாசலில் மாலை, சந்தனம், மேளம். சாமியானா பந்தல். டவுனிலிருந்து வரவழைத்த சோபா. கேசரி, போண்டா. நாம் கோணிப்பையில் திரட்டிய ஊர்ப் பங்கில் பாதி அந்தப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

தோட்டத்தைப் பார்த்ததும் ஆபீசர் நின்றுவிட்டார்.

"இந்த வறட்சியில வாழை குலை தள்ளியிருக்கா!"

"எல்லாம் பிள்ளைங்க உழைப்புங்க" என்றார் பிரசிடெண்ட்.

"தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"கடவுள் குறை வெக்கலீங்க."

அடிபம்பு அந்த மாதம் பாதி நாள் காற்றைத்தான் துப்பியது. ஆபீசர் வாழையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். மரம் லேசாகச் சாய்ந்தது. பெரிய சார் பாய்ந்து அதன் பக்கத்தில் போய், பழைய சிநேகிதன் தோளில் கை போடுவது போல் அதைப் பிடித்துக்கொண்டார். ஆபீசர் தோட்டத்தைச் சுற்றி முடிக்கும் வரை அவர் அந்த மரத்தை விட்டு நகரவில்லை. நல்ல அன்பான தலைமையாசிரியர் என்று ஆபீசர் நினைத்திருப்பார்.

பிறகு பாட்டு. டீச்சர் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தார். நாம் ஆரம்பித்தோம். எனக்குக் கண் முழுக்கப் பட்டுத் துணியின் மேல். முதல் அடியில் அசைந்தது. இரண்டாம் அடியில் ஓரம் இறங்கியது. சிவப்பு எழுத்தின் வால் ஒன்று எட்டிப் பார்த்தது. முன்வரிசையில் நின்ற ஒருத்தி, பாடிக்கொண்டே, பூவைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்து துணியை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள். பாட்டு நிற்கவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி. அவள் யார் என்று இந்தக் குழுவில் ஒருத்திக்குத் தெரியும்.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது மத்தியானச் சங்கு ஊதியது.

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று நம்மிடம் சொல்லியிருந்தார்கள், காதை மூடச் சொல்லவில்லை. சங்கு ஏறியது. நின்றது. பஜனை மடத்து ஆர்மோனியத்தின் சுருதி வேறு, சங்கின் சுருதி வேறு. நாம் எல்லோரும், யாரும் சொல்லாமல், பறவைக் கூட்டம் திரும்புவது போல், ஆர்மோனியத்தை விட்டுச் சங்குக்குப் போய்விட்டோம். கொஞ்ச நேரம் இரண்டும் உரசிக் காதைக் கிழித்தது. டீச்சர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். பிறகு துருத்தியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆர்மோனியம் முனகி அடங்கியது. சங்கும் இறங்கி அடங்கியது. நாம் மட்டும் அந்த இடத்திலேயே நின்று பாடினோம். அதற்கு முன்னும் பின்னும் நாம் அப்படிப் பாடியதில்லை. கடைசி வரிசையிலிருந்து நான் தாங்குவது எனக்கே கேட்டது.

பாட்டு முடிந்ததும் ஆபீசர் டீச்சரைப் பார்த்தார்.

"நல்லா இருந்தது. நடுவுல ஏம்மா வாசிக்கறதை நிறுத்திட்டீங்க?"

டீச்சரின் உதடு பிரிந்தது. ஒரு வாக்கியம் போதும். 'இது இரவல் ஆர்மோனியம் சார், பிள்ளைங்க பழகினது உங்க சங்கோட.' அந்த மனிதர் சோபாவை விட்டு எழுந்தே நின்றிருப்பார்.

"கை வலிச்சிருக்குமுங்க" என்றார் பிரசிடெண்ட், டீச்சர் பேசுவதற்குள். "காலைலேர்ந்து வாசிக்கிறாங்க."

"அப்படியாம்மா?"

டீச்சர் பிரசிடெண்டைப் பார்த்தார். சாய்ந்த வாழையைக் கண்ணாலேயே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த பெரிய சாரைப் பார்த்தார். பந்தலுக்கு வெளியே வெயிலில், தங்கள் தொட்டிகளுக்குப் பின்னால் நின்ற நம் அம்மாக்களைப் பார்த்தார்.

"ஆமாங்க சார்" என்றார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் கேள்வி மாதிரி இல்லை.

அன்றைக்கு நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். டீச்சர் தப்பித்தார் என்று நினைத்தேன். என்ன நடக்கிறது என்று அந்தப் பந்தலில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதும், தெரிந்தே சொன்னார் என்பதும் இப்போது புரிகிறது. ஊரே உடுத்தி நின்ற துணியை உருவ அவருக்குக் கை வரவில்லை.

ஆபீசர் எழுந்து பேசினார். மனம் திறந்து பாராட்டினார். "உண்மையைச் சொன்னா, நான் பார்த்ததுலயே குறை எதுவும் இல்லாத ஸ்கூல் இதுதான். தோட்டம் இருக்கு, தண்ணி இருக்கு, ஆர்மோனியம் இருக்கு, இவ்வளவு அக்கறையான ஊர் இருக்கு. உங்களுக்கு வெளியிலேர்ந்து யாரும் எதுவும் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இதை அப்படியே மேலிடத்துல சொல்றேன்."

நாம் கைதட்டினோம். பிரசிடெண்ட் தட்டினார். பெரிய சார் வாழையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத் தட்டினார், அது விழுந்தது. தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்கு எழுந்து நின்று கைதட்டிய வேறொரு ஊரை என் தணிக்கைக் காலம் முழுவதும் நான் பார்க்கவில்லை.

மானியம் வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்குப் போனது. அங்கே ஆபீசருக்கு மரத்தடியில் பானைத் தண்ணீர் கொடுத்தார்களாம். நம் பிரசிடெண்ட் பொறாமை பிடித்த யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டதாகக் கடைசி வரை நம்பினார். ஆர்மோனியம் மடத்துக்குத் திரும்பியது. கீரை மறுநாளே வாடியது.

தை பிறந்தது. டீச்சர் தேன்கனிக்கோட்டைக்குத் திரும்பவில்லை. கம்பெனியில் பாகங்கள் பொருத்தும் வேலைக்குப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலை நாம் தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, வேலியோரப் பாதையில் நீலச் சேலைக் கூட்டத்தில் அவரும் டிபன் டப்பாவோடு வேகவேகமாக நடந்து போவதைப் பார்த்தோம். கூப்பிட யாருக்கும் தைரியம் வரவில்லை.

சங்கு ஊத ஆரம்பித்தது. நாம் பழக்கத்தில் வாயைத் திறந்தோம். அவசரத்தில், ஏறும்போதே பிடித்துவிட்டோம்.

டீச்சர் நின்றார். கூட்டம் அவரைத் தாண்டி ஓடியது. அவர் வேலிப் பக்கம் திரும்பி, டப்பா இல்லாத கையை உயர்த்தினார். நாம் நிறுத்தினோம். சங்கு ஏறிப் போய் நின்றது. கை இறங்கியது. பிடித்தோம். அவர் உதடு அசைந்தது. அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை, ஆனால் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியும். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். சங்கு அடங்கியதும் கம்பெனிக் கதவைச் சாத்திவிடுவார்கள், பிந்தி வந்தால் அன்றைய கூலி இல்லை என்று என் அண்ணன் பிறகு ஒரு நாள் சொன்னான். அன்று அவர் உள்ளே போனாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமைக்கு வருவோம். நம் பள்ளியில் இப்போதும் ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறாள். சின்னப் பெண், தற்காலிக வேலை. அவள் சம்பளம் இந்த மானியத்தில்தான் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். ஈரம் காயாத ஒரு பாத்தி, நான்கு வெண்டைச் செடி, வெறும் அறை. கை பரபரத்தது, எனக்கும்தான். ஒரு நாற்காலியாவது கொண்டுவந்து போடலாமா என்று தோன்றியது. போடவில்லை.

மாடித் தொட்டிகள் மாடியிலேயே இருக்கட்டும். சங்கு இன்னும் ஊதுகிறது. பிள்ளைகள் அதோடு பாடட்டும்.

முதல் பெஞ்சுக்காரியே, அந்தக் கீபோர்டை உன் மருமகனிடம் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. அன்றைக்கு நீ இழுத்து மூடிய துணி போதும்.